வாப்பாவின் வயது உங்களுக்குத் தெரியும்

என் வாப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுபத்து நான்கு என்று எழுதி, உடைந்த இடுப்போடு அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். டொக்டர், நான் உங்களைத்தான் சொல்கிறேன். அந்த வார்டில் இருந்த மற்றவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீங்கள்.

உங்கள் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வழக்கறிஞரின் கடிதம்தான் வரும், பதில் வராது. எனக்குப் பதில்தான் வேண்டும்.

‘அவர் வயது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று நீங்கள் கேட்க முடியாது. உங்கள் வாப்பாவுக்கும் என் வாப்பாவுக்கும் ஒரே நாளில், ஒரே பந்தலில், ஒரே ஆளின் கையால் சுன்னத்து வைத்தார்கள். ஒரே வயதுப் பையன்கள், இரண்டு பேரையும் ஒரே பாயில் கிடத்தினார்களாம். உங்கள் வாப்பா அன்று முழுக்க அழுதாராம். என் வாப்பா அழவில்லை. அவர் பயத்தில் முன்பே மயங்கிவிட்டார். பெருநாளுக்குப் பெருநாள் இரண்டு வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்களும் வட்டிலப்பம் தின்றுகொண்டே சிரித்திருக்கிறீர்கள். என் வாப்பாவை அப்போது நீங்கள் மாமா என்று கூப்பிடுவீர்கள். வார்டில்தான் அவர் ‘பேஷண்ட்’ ஆனார்.

இனி என் குற்றம். அதை நான் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.

சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் வீட்டோடு அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. எல்லோரும் உயிரோடு தப்பினோம், ஆனால் மதில் விழுந்து உம்மாவின் ஒரு கால் நசுங்கிக் கட்டையாகிவிட்டது. முகாமிலும் கூடாரத்திலும் கிடந்து முடிந்து தொடர்மாடி வீட்டுக்குப் பெயர் எழுதும் நேரம் வந்தது. கீழ்த்தளம் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் என்றார்கள். உம்மாவால் மூன்று மாடி ஏற முடியாது என்று நான் அழுது சொன்னேன். படிவம் நிரப்பியவர் படிவத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். வயது என்று ஒரு கட்டம் இருந்தது. கால் என்று ஒரு கட்டம் இல்லை.

அதனால் நான் வாப்பாவுக்கு எழுபது என்று சொன்னேன். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. முப்பது வருடக் கடல் வெயிலும் முகாமில் வளர்ந்த வெள்ளைத் தாடியும் எனக்குச் சாட்சி சொல்லின. கிராம சேவகர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையொப்பம் போட்டார். புதிய அட்டையும் அதே வயதில் வந்தது. வாப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரே நாளில பன்னிரண்டு வருசத்த எங்கயோ விட்டுட்டன் மகள். அதுக்குள்ள ரெண்டாங் கலியாணம் ஏதும் முடிச்சனோ தெரியாது, உம்மாட்ட கேட்டுப் பாரு” என்றார்.

உம்மா கட்டைக் காலோடு எழும்பி அகப்பையை எடுத்தார்.

இதை நான் மட்டும் செய்யவில்லை. அந்த வருடம் எங்கள் கரையில் பலர் திடீரென்று கிழவர்கள் ஆனார்கள். எங்கள் தொடர்மாடியில் ஒரு தம்பி தன் காக்காவை, கூடப்பிறந்த அண்ணனை விட மூத்தவனாகி இன்றும் அப்படியே இருக்கிறான். காலுக்குக் கட்டம் வைக்காத அரசாங்கத்திடம் வயதைக் கொடுத்து வீடு வாங்கினோம். இதற்கு நான் வெட்கப்படவில்லை. அந்த வயதை ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள் என்று நினைக்காமல் போனதற்குத்தான் என்னை நானே அடித்துக்கொள்கிறேன்.

யுத்தத்தின் கடைசி மாதங்கள். வாப்பா கரையில் ஏற்றி வைத்திருந்த தோணிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுத்திருந்த கட்டை சரிந்து, தோணியின் அணியத்திலிருந்து மல்லாக்க விழுந்தார். எழுபத்து நான்கு வயதுக் கிழவன் தோணியின் முனையில் ஏறி நின்று பெயின்ட் அடிப்பானா? இதை எழுதும்போதுதான் எனக்கே தோன்றுகிறது. உங்களுக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்தால் நடப்பார் என்றார்கள். உள்நாட்டுப் பக்கம் இருந்த உங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார்கள். கணவர் கட்டாரில். உம்மாவால் வர முடியாது. நான்தான் அம்புலன்ஸில் கூடப் போனேன். வழியில் எத்தனை தடைமுகாம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் வாப்பாவின் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நாங்கள் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே ஊர் தன் வேலையைச் செய்துவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கொண்டுபோகிறோம் என்றால் என்ன முறிந்தது, எப்படி முறிந்தது என்று எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். உள்ளுக்கு நம்மட ஆள் யார் இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். நேரே போய்க் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அம்புலன்ஸ் கதவு மூடுவதற்குள் நான்கு பேர் உங்கள் தொலைபேசி இலக்கத்தை என் கையில் திணித்தார்கள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன். அந்தச் சொல்லை அன்று வீணாக்கினேன்.

வார்டுக்குள் இடம் இல்லை. காயப்பட்ட சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அவர்களுக்கு முதலில் பார்த்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாப்பாவின் கட்டிலை விறாந்தையில், கக்கூஸ் வாசலில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கல்முனைப் பக்கத்துத் தமிழ் மீனவர் ஒருவர் ஏற்கனவே கிடந்தார். அன்று மாலை வார்டுக்குள் ஒரு கட்டில் காலியானது. எங்களுக்குப் பிறகு வந்த ஒருவரை அதில் போட்டார்கள். நான் தாதியிடம் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே மொழிதானே, கதைத்துக்கொண்டிருக்க வசதி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன கருணை. ஊரில் ஒரு எல்லைக் கல்லுக்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்தாரையும் ஒரு மூத்திர நாற்றம் ஒற்றுமைப்படுத்தியது. அந்த மீனவரும் வாப்பாவும் நாள் முழுக்க எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று சண்டை பிடித்தார்கள். கட்டிலில் தொங்கிய காகிதத்தில் ஒரு எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. அதில் வாப்பாவின் பெயர் சரியா என்று பார்க்கக்கூட எனக்குத் தெரியவில்லை. எண்கள் மட்டும் தெரிந்தன. எழுபத்து நான்கு என்ற எண் தெரிந்தது.

வார்டுக்குள், வாசலை ஒட்டிய கட்டிலில் ஒரு சிங்கள விவசாயி கிடந்தார். வரம்பில் வழுக்கி விழுந்து வாப்பாவுக்கு முறிந்த அதே இடத்தில் அவருக்கும் முறிந்திருந்தது. அவருடைய மகள் எங்கள் சந்தையில் துணி வாங்கி வாங்கிக் கொஞ்சம் தமிழ் பழகியவர். என்னிடம் கடைச் சிங்களம் கொஞ்சம் இருந்தது. சுடுதண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் பழக்கமானோம். தன் தகப்பனுக்கு எழுபத்தாறு வயது என்று அவர்தான் சொன்னார்.

நீங்கள் இரண்டாம் நாள் வந்தீர்கள். எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சிங்களத்தில் பேசினீர்கள். பிறகு மாடிப்படிக்குப் பின்னால் கூப்பிட்டுத்தான் உங்களுக்குத் தமிழ் வந்தது. கிழமைக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் தியேட்டர் கிடைக்கிறது, எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, சில கிழமையில் வீட்டுக்கு அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம் என்றீர்கள்.

நான் வயதின் கதையைச் சொன்னேன். சொல்லத் தேவையே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

“ஐடென்டி காட்ல எழுபத்தினாலுதானே ராத்தா இரிக்கி” என்றீர்கள். “அத மாத்தி எழுதினா என்ட வேலை போயிரும்.”

மாற்றி எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. பெரிய டொக்டரிடம் வாயால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

“நான் நம்மட ஆளுக்காகக் கதைச்சா இவனுகள் நாளைக்கி என்ன சொல்லுவானுகள் எண்டு உங்களுக்கு விளங்காது. இந்த நேரத்தில சரியான கஸ்டம் ராத்தா.”

“கதைக்காட்டி நாங்க என்ன சொல்லுவம் எண்டு யோசிச்சீங்களா?” என்று கேட்டேன்.

பார்ப்போம் என்றீர்கள். துஆச் செய்யச் சொன்னீர்கள். துஆச் செய்யச் சொல்வதற்கு ஒரு டொக்டர் தேவையில்லை, எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் போதும்.

அடுத்த நாள் காலையில் பெரிய டொக்டர் வார்டைச் சுற்றி வந்தார். அந்த மகள் தகப்பனின் கட்டிலுக்கு முன்னால் நின்று வழியை மறித்துக் கதைத்தார். என்ன கதைத்தார் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. தகப்பன் இன்னும் வயலுக்குப் போகிறார் என்பது விளங்கியது. பெரிய டொக்டர் சிரித்தார், ஏதோ எழுதினார். எழுபத்தாறு வயதுக்காரருக்கு ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்துவிட்டது. டொக்டர்மார் விறாந்தைக்கு வந்தபோது நான் ஒதுங்கி நின்றேன். நம்மட ஆள் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கினேன். பெரிய டொக்டர் வாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் அவருடைய காதுக்குப் பக்கத்தில் சிங்களத்தில் ஏதோ சொன்னீர்கள். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

ஏன் நீயும் கேட்கவில்லை என்று அந்த மகள் என்னிடம் கேட்டார். எங்களுக்கு உள்ளுக்கு ஆள் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

வயதுக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் உங்களுக்கும் பயம் இருக்காது என்று நினைத்தேன். வாப்பாவை அந்த மீனவரின் மனைவியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். வாப்பா படித்த பாடசாலையின் அனுமதிப் பதிவேடு கடலுக்குத் தப்பியிருந்தது. அதில் அவர் பிறந்த திகதி இருந்தது. அதிபர் முத்திரை குத்திக் கடிதம் தந்தார். அதே பக்கத்தில் உங்கள் வாப்பாவின் பெயரும் இருந்ததைக் காட்டினார். மறுநாள் கடிதத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தேன். நீங்கள் அதைப் படித்தீர்கள். படித்து முடித்துவிட்டு, இது தமிழில் இருக்கிறது, சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சத்தியக் கையொப்பம் வாங்கி வாருங்கள் என்றீர்கள்.

டொக்டர், நீங்கள் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தினப் போட்டியில் முதலாம் இடம் பெற்றவர். ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் ரோட்டோரம் நின்று கைதட்டினேன்.

வாப்பாவை மறுபடியும் அந்த மீனவரின் மனைவியிடம் விட்டுவிட்டுப் போய் மொழிபெயர்த்துக்கொண்டு வர ஒரு கிழமைக்கு மேல் போனது. அதற்குள் எடை கட்டிய காலோடு அசையாமல் கிடந்த வாப்பாவின் முதுகில் புண் வந்துவிட்டது, காய்ச்சலும் சளியும் பிடித்தது. நான் வந்து சேர்ந்த அன்று ஆஸ்பத்திரி முழுக்க வெடிச் சத்தம். யுத்தம் முடிந்துவிட்டதாம். சிற்றூழியர்கள் கொடி பிடித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். விறாந்தைக்கும் வந்தார்கள், அன்று எங்களை மறக்கவில்லை. பக்கத்துக் கட்டில் மீனவருக்கு யுத்தம் நடந்த வன்னியில் ஒரு தங்கை இருந்தார், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. அவர் பாற்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். சாப்பிடாமல் இருப்பதை யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாப்பா அதை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். காய்ச்சலில் அவருக்கு விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் நான் உங்களைத் தேடவில்லை. சிங்களக் கடிதத்தை அந்த மகளிடம் கொடுத்து, என்னோடு வந்து நில் என்றேன். அவருடைய தகப்பன் அப்போது ஒப்பரேஷன் முடிந்து, ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். பெரிய டொக்டர் விறாந்தைக்கு வந்ததும் இரண்டு பேரும் வழியை மறித்தோம். அவர் கடிதத்தைப் பார்த்தார், வாப்பாவின் காகிதத்தைப் பார்த்தார், பிறகு அந்த மகளிடம் சிங்களத்தில் சொன்னார். அந்த மகள் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவர் முதல் பாத்த நாளே கேட்டதாம், இந்த மனுசன் கை நல்ல பலம், எழுபத்தி நாலா இருக்க ஏலாதே எண்டு. உங்கட ஊர் டொக்டர் சொன்னதாம், வயசு சரி, வீட்டு ஆக்கள் ஒப்பரேஷன் வேணாம் எண்டு சொல்றது, அவங்கட ஆக்களுக்கு நாட்டு வைத்தியம்தான் விருப்பம் எண்டு.”

நான் பெரிய டொக்டரைப் பார்த்தேன். அவரையும் விடமாட்டேன். பதினைந்து நாளாக என் வாப்பாவின் கட்டிலைக் கடந்து போனவர், அந்தக் கட்டிலில் கிடந்தவரிடமோ பக்கத்தில் நின்ற நாளில் என்னிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களைப் பற்றி எங்கள் ஆள் ஒருவர் சொன்னால் போதும், நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தானே. சிங்கள விவசாயிக்கு ஒரு மகள் இருந்தாள், ஒரு வயல் இருந்தது, ஒரு ஆசை இருந்தது. எங்களுக்கு ‘அவங்கட ஆக்கள்’ என்ற ஒரு பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவர் சிங்களவர் அல்ல, நீங்கள்.

இப்போது நெஞ்சில் சளி, முதுகில் புண், மயக்க மருந்து கொடுக்க முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார் பெரிய டொக்டர். கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். நீங்கள் அன்று லீவு என்றார்கள். பிறகு நான் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை.

வாப்பா இரண்டு வருடம் கீழ்த்தளத்து வீட்டில் கட்டிலில் கிடந்தார். கையில் பலம் இருந்தது. படுத்தபடியே கிழிந்த வலைகளைப் பொத்தினார். தோணியை விற்ற அன்று மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கடைசியில் புண் எலும்பைத் தொட்டு, காய்ச்சலில் மௌத்தானார். ஜனாஸாவுக்கு உங்கள் வாப்பா வந்தார், நடந்து வந்தார். அதே வருடம் அவருக்குக் கொழும்பில் இருதயத்தில் ஒப்பரேஷன் செய்வித்தீர்கள். “அறுவத்தி நாலுதானே ஆகுது, இன்னும் இருவது வருசம் இரிக்கலாம்” என்று நீங்கள் எல்லோருக்கும் சொன்னதாக அவரே என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். பாவம், அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நான் வாயைத் திறந்தபோது ஊர் என்னைத்தான் அடக்கியது. பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அங்க நமக்கெண்டு இரிக்கிற ஒரே டொக்டர் அவர், பேரக் கெடுத்தா நாளைக்கி நம்மட ஆக்களுக்கு ஆர் உதவி செய்வாங்க என்றார்கள். எந்த உதவி என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். அவருடைய மாமியும் உங்கள் வார்டின் விறாந்தையில்தான் கிடந்தார் என்று பிறகு தெரிந்தது. மற்றவர், நீங்களும் வயசக் கூட்டின பிழைதானே தங்கச்சி என்றார். ஓம், பிழைதான். ஒரு முடவிக்குக் கீழ்த்தளம் வாங்க நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டே மெய் என்று கையொப்பம் போட்டவர் ஒரு டொக்டர். என் பொய்யில் ஒரு கிழவி படி ஏறாமல் இருந்தாள். உங்கள் மெய்யில் ஒரு மனிதன் நடக்காமல் செத்தான்.

நீங்கள் பயந்திருப்பீர்கள், அதை நான் நம்புகிறேன். அந்த வருடம் எல்லோரும் பயந்தார்கள். அந்தச் சிங்களப் பெண்ணும், இந்தத் தமிழ் பேசும் பெண்ணோடு சேர்ந்து பெரிய டொக்டரை மறிக்கிறாளே என்று மற்றவர்கள் முறைத்தபோது பயந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் நின்றாள்.

இப்போது யுத்தம் இல்லை. நீங்கள் கொழும்பில் பெரிய ஆள். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வந்து ஜும்ஆத் தொழுகிறீர்கள், முன் வரிசையில் உங்களுக்கு இடம் விடுகிறார்கள். என் வீட்டுக்கு வந்து தனியாகக் கதைக்க ஆள் அனுப்பினீர்கள். மாடிப்படிக்குப் பின்னால் கதைத்தது போதும். அடுத்த ஜும்ஆ முடிந்ததும், சனம் கலைவதற்கு முன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழில் பதில் சொல்லுங்கள். என் வாப்பாவோ நானோ ஒப்பரேஷன் வேண்டாம் என்று உங்களிடம் எப்போது சொன்னோம்? சொல்லாத ஒன்றைச் சொன்னதாகப் பெரிய டொக்டரிடம் ஏன் சொன்னீர்கள்? பெண்கள் பக்கத்தில் நானும் உம்மாவும் கேட்டுக்கொண்டிருப்போம்.